பதினான்கில் நான்காவது: ஸ்பைடர்மேன் ஆண்டு மலர்களின் ஏற்றமும் இறக்கமும்

பழைய புத்தகக் கடை ஒன்றில், சமையல் குறிப்புகளுக்கும் கணினிப் பாடப் புத்தகங்களுக்கும் நடுவே சொருகியிருந்த 'அமேசிங் ஸ்பைடர்மேன்' 23ஆம் ஆண்டு மலர் எனக்குக் கிடைத்தது. 1989ஆம் வருடத்து இதழ். 64 பக்கம். நடுவில் பின் அடிக்காமல், முதுகில் பசை போட்டு ஒட்டிய கட்டு. கையில் எடுத்ததுமே மாத இதழைவிடக் கனமாக இருப்பது தெரிந்தது. வீடு போய்ச் சேரும்வரை பொறுமையில்லாமல் பஸ்ஸிலேயே படிக்க ஆரம்பித்தேன். கதை எங்கோ பாதியில் ஆரம்பித்து எங்கோ பாதியில் நின்றது. திரும்பப் புரட்டிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. 'அட்லாண்டிஸ் அட்டாக்ஸ்' என்ற பெருங்கதையின் 4ஆம் பாகம் அது. மொத்தம் 14 பாகங்கள். மீதி 13ம் வேறு வேறு ஹீரோக்களின் ஆண்டு மலர்களில் இருந்தன.

இதே தொடரின் முதல் ஆண்டு மலர் 1964இல் வந்தது. அதைப் படித்தவர்கள் இன்றும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். 23ஆவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஒரே ஹீரோ, ஒரே பதிப்பகம், ஏறக்குறைய அதே தடிமன். இடைப்பட்ட 25 வருடத்தில் என்னதான் நடந்தது? ஸ்பைடர்மேன் மலர்களை ஒவ்வொன்றாக அடுக்கி வைத்துப் பார்த்தால் விடை கிடைக்கும் என்பது என் நம்பிக்கை. அமெரிக்க சூப்பர் ஹீரோ காமிக்ஸின் ஆண்டு மலர் என்ற வடிவம் முழுவதற்கும் அந்த விடை பெருமளவு பொருந்தும். (லயன் காமிக்ஸில் நாம் படித்து வளர்ந்த ஸ்பைடர் வேறு ஆள், பிரிட்டிஷ் காமிக்ஸிலிருந்து வந்தவர். இங்கே பேசுவது மார்வெல் பதிப்பகத்தின் ஸ்பைடர்மேனான பீட்டர் பார்க்கரைப் பற்றி.)

ஆண்டு மலரின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் அப்போது ஒரு காமிக்ஸ் இதழ் என்றால் 32 பக்கம், அதில் கதைக்கு இருபது இருபத்தைந்து பக்கம், விலை 10 சென்ட். 1960இல் டி.சி. நிறுவனம் சூப்பர்மேனின் முதல் ஆண்டு மலரைக் கொண்டுவந்தது. 80 பக்கம், 25 சென்ட். ஆசிரியர் மோர்ட் வைசிங்கர். உள்ளே ஒரு புதுக் கதைகூட இல்லை, எல்லாமே மறுபதிப்பு. அதற்கே பிள்ளைகள் அடித்துப் பிடித்து வாங்கினார்கள். காரணம் எளிது. அன்றைக்குப் பழைய இதழ்களை விற்கும் காமிக்ஸ் கடை என்று ஒன்று கிடையாது, தொகுப்பு நூல்களும் கிடையாது. நான்கு வருடத்துக்கு முன் வந்த கதை பத்து வயதுப் பையனைப் பொறுத்தவரை உலகத்திலேயே இல்லாத கதை. பள்ளி கோடை விடுமுறையில், மருந்துக்கடை வாசலில் சுழலும் கம்பி ஸ்டாண்டில், அவன் பிறப்பதற்கு முன்பிருந்தே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு உலகம் ஒரே புத்தகமாக அவன் கைக்கு வந்தது. நம்மூர் வாசகர்கள் 'குண்டு புக்' என்று வாய் நிறையச் சொல்வார்களே, அந்த ஆசைதான் அதுவும்.

மார்வெல் இதில் ஒரு படி மேலே போனது. 1963இல் வந்த ஃபென்டாஸ்டிக் ஃபோர் முதல் மலரில் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் 37 பக்கத்துக்குப் புத்தம்புதிய கதையைக் கொடுத்தார்கள். தொலைந்துபோன தன் மக்களைக் கண்டுபிடிக்கும் கடலடி அரசன் நேமர், கடல் சேனையோடு நியூயார்க்கின் மேல் படையெடுக்கிறான். மாத இதழில் அடங்காத அளவு கதை. ஆண்டு மலர் என்றால் மறுபதிப்பு என்ற எண்ணம் அங்கே உடைந்தது. அடுத்த வருடம் ஸ்பைடர்மேனின் முறை.

25 சென்டுக்கு ஆறு வில்லன்கள்

முதல் ஸ்பைடர்மேன் மலரைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 72 பக்கம், அதில் 41 பக்கம் ஒரே கதை. எழுத்து ஸ்டான் லீ, சித்திரம் ஸ்டீவ் டிட்கோ. அதே டிட்கோதான் ஸ்பைடர்மேன் மாத இதழையும் டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் கதைகளையும் வரைந்துகொண்டிருந்தார். அதற்கு மேல் இந்த 41 பக்கத்தையும் தானே வரைந்தார்.

கதைக்குள் டாக்டர் ஆக்டோபஸ் ஐந்து பேரைச் சேர்க்கிறார்: எலெக்ட்ரோ, கிரேவன், மிஸ்டீரியோ, சாண்ட்மேன், வல்ச்சர். அதுவரை மாத இதழ்களில் தனித்தனியாக வந்து தோற்றுப்போனவர்கள். ஆறு பேரும் சேர்ந்து ஒரே நேரத்தில் தாக்கினால் கதை நான்கு பக்கத்தில் முடிந்துவிடும். ஆனால் அவரவர் கர்வம் விடவில்லை. ஸ்பைடர்மேனைத் தனியாக வீழ்த்திய பெருமை தனக்கே வேண்டும் என்கிறார்கள். வரிசைப்படி ஒவ்வொருவராக மோதுவது என்று முடிவாகிறது. கதைக்குத் தேவையான நீளமும் வில்லன்களின் குணமும் ஒன்றாகவே வந்து பொருந்துகிற இடம் இது. நான் மிகவும் மதிக்கும் கதைக்கட்டு.

அதே சமயம் பீட்டர் பார்க்கருக்குத் திடீரென்று சக்தி போய்விடுகிறது. சுவரில் ஒட்ட முடியவில்லை, வலு இல்லை. அப்போதுதான் மே அத்தையையும் பீட்டரின் அன்றைய காதலி பெட்டி பிராண்ட்டையும் வில்லன்கள் பிடித்துவைத்திருக்கும் செய்தி வருகிறது. சக்தியில்லாமலேயே ஆடையை மாட்டிக்கொண்டு பீட்டர் கிளம்புகிறான். எலெக்ட்ரோவின் மின்னல் பாய்ந்து வரும் நேரத்தில் உடம்பு தானாகத் துள்ளி விலகுகிறது. சக்தி போகவே இல்லை, போய்விட்டது என்று மனம்தான் நம்பியிருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வில்லனுடனும் மோதும்போது டிட்கோ ஒரு முழுப் பக்கத்தை ஒரே சித்திரத்துக்கு ஒதுக்குகிறார். ஒரு பக்கத்தில் ஏழெட்டுக் கட்டங்கள் போட்டுக் கதையை நெருக்கி அடுக்கும் ஓவியர் அவர். அவரே ஆறு முறை கட்டங்களை எடுத்துவிட்டு முழுப் பக்கத்தைத் திறந்துவிடுகிறார். மாத இதழின் பக்கக் கணக்கில் இதற்கு இடமே கிடையாது. பக்கம் கூடுதலாகக் கிடைத்ததும் அதை எதற்குச் செலவிடுவது என்று யோசித்துச் செலவிட்டிருக்கிறார்.

சிறை வைக்கப்பட்ட மே அத்தை டாக்டர் ஆக்டோபஸை மரியாதை தெரிந்த நல்ல மனிதர் என்று கடைசிவரை நினைத்துக்கொண்டிருப்பது தனி. நடுநடுவே தோர், கேப்டன் அமெரிக்கா, ஃபென்டாஸ்டிக் ஃபோர், எக்ஸ்மென் என்று மார்வெலின் மற்ற ஹீரோக்கள் ஒரு கட்டம் இரண்டு கட்டம் தலைகாட்டிப் போகிறார்கள். அவர்களால் கதை தடம் மாறுவதில்லை. யாருடைய இதழையும் வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஒரு கல்யாண வீட்டில் எல்லாச் சொந்தமும் வந்து முகம் காட்டிப் போவது மாதிரி.

கதை முடிந்த பிறகும் புத்தகம் முடியவில்லை. ஸ்பைடர்மேனின் எதிரிகளுக்கு ஆளுக்கொரு பக்கப் படம். வலை வீசும் கருவி எப்படி இயங்குகிறது, ஆபத்தை உணரும் உணர்வு எப்படி வேலை செய்கிறது என்று விளக்கும் பக்கங்கள். லீயும் டிட்கோவும் ஸ்பைடர்மேன் கதையை எப்படித் தயாரிக்கிறார்கள் என்று வேடிக்கையாகச் சொல்லும் மூன்று பக்கக் குட்டிக் கதை. முதல் முறையாக ஸ்பைடர்மேனைக் கையில் எடுக்கும் ஒரு பிள்ளைக்கு இந்த ஒரு புத்தகம் போதும். இவன் யார், யாரை நேசிக்கிறான், எதிரிகள் யார், எதற்குப் பயப்படுகிறான் எல்லாம் இதிலேயே இருக்கிறது. ஏற்கெனவே மாதாமாதம் படிப்பவனுக்கும் இது திகட்டவில்லை. புதியவனுக்கும் பழையவனுக்கும் ஒரே புத்தகம் நிறைவாக அமைந்தது. ஆண்டு மலரின் ஈர்ப்பு என்று நான் சொல்வது இதைத்தான்: கையில் எடுத்தால் முழுசாக ஒன்று கிடைக்கும் என்ற உறுதி.

நடுவில் ஒரு தூக்கம்

அடுத்த நான்கு மலர்கள் இந்த அளவுக்கு இல்லை. 1965இல் டிட்கோ டாக்டர் ஸ்ட்ரேஞ்சைச் சேர்த்து 20 பக்கக் கதை வரைந்தார், மீதி மறுபதிப்பு. 1966இல் டிட்கோ மார்வெலைவிட்டுப் போய்விட்டார். 1967, 1968 மலர்களை ஸ்டான் லீயின் தம்பி லாரி லீபர் வரைந்தார். மாத இதழை ஜான் ரொமீட்டா வரைந்துகொண்டிருந்த காலம் அது. மாத இதழ் ஓவியர் ஒருவர், மலர் ஓவியர் வேறொருவர் என்ற பிரிவு இங்கேயே வந்துவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆண்டு மலர்கள் சரிந்ததற்கு மாற்று ஓவியர்களே காரணம் என்று ரசிகர்கள் அடிக்கடி சொல்வார்கள். எனக்கு அது முழுக்கச் சரியாகப் படவில்லை. லீபர் வரைந்த 1968 மலரில்தான் பீட்டரின் அப்பா அம்மா யார் என்ற கேள்விக்கு முதல் முறையாகப் பதில் வந்தது. சித்திரம் சுமாராக இருந்தாலும், பீட்டரின் வாழ்க்கையில் ஒரு பெரிய விஷயம் ஆரம்பித்து அந்தப் புத்தகத்துக்குள்ளேயே முடிந்தது. அதனால் அந்த மலர் நின்றது.

1969இல் வந்த 6ஆவது மலர், முதல் மலரின் கதையையே திரும்ப அச்சிட்டது. அதன் பிறகு ஏழு வருடம் புதுக் கதை இல்லை. 1972இல் மலரே வரவில்லை. டி.சி.யில் நிலைமை இன்னும் விசித்திரம். சூப்பர்மேனின் 8ஆவது ஆண்டு மலர் 1963இல் வந்தது, 9ஆவது 1983இல். நடுவில் இருபது வருடம். ஆக, ஆண்டு மலர் காணாமல் போவது ஒன்றும் புதிதல்ல. ஒவ்வொரு முறையும் அது எதோடு திரும்பி வந்தது என்பதுதான் முக்கியம்.

1976இல் ஸ்பைடர்மேன் மலர் திரும்பியது, பத்து பன்னிரண்டு வருடம் நன்றாகவே ஓடியது. 1980, 1981 மலர்களை ஃப்ராங்க் மில்லர் வரைந்தார், எழுதியவர் டென்னி ஓ'நீல். 1981 மலர் எனக்கு மிகப் பிடித்தவற்றில் ஒன்று. டாக்டர் ஆக்டோபஸ், பனிஷர், ஸ்பைடர்மேன் மூவரும் நியூயார்க்கில் ஒருவரை ஒருவர் துரத்துகிறார்கள். நடுநடுவே 'டெய்லி பியூகிள்' பத்திரிகையின் முதல் பக்கம் வந்து விழுகிறது. நகரம் இந்த மூவரையும் எப்படிப் பார்க்கிறது என்று அந்தத் தலைப்புச் செய்திகளே சொல்லிவிடுகின்றன. 1982 மலரில் ரோஜர் ஸ்டெர்னும் ஜான் ரொமீட்டா ஜூனியரும் மோனிகா ராம்போவை அறிமுகப்படுத்தினார்கள். கேப்டன் மார்வெல் என்ற பெயரோடு வந்த அந்தக் கறுப்பினப் பெண் பிற்பாடு அவெஞ்சர்ஸ் அணிக்கே தலைவியானாள். 1984 மலரில் ஜே. ஜோனா ஜேம்சனுக்குக் கல்யாணம்.

இந்தக் காலத்தில் மற்ற தொடர்களிலும் இதே கதைதான். 1977இல் ஜிம் ஸ்டார்லின் தன் வார்லாக் தொடர் நிறுத்தப்பட்ட பிறகு, தானோஸ் கதையை அவெஞ்சர்ஸ் 7ஆம் மலரிலும் மார்வெல் டூ-இன்-ஒன் 2ஆம் மலரிலும் முடித்துவைத்தார். நின்றுபோன ஒரு தொடருக்கு ஆண்டு மலர் கரை சேர இடம் கொடுத்தது. 1981இல் கிறிஸ் கிளேர்மான்ட்டும் மைக்கேல் கோல்டனும் அவெஞ்சர்ஸ் 10ஆம் மலரில் ரோக் என்ற பாத்திரத்தைக் கொண்டுவந்தார்கள். அதே மலரில் மிஸ் மார்வெல் என்ற ஹீரோயினுக்கு அவெஞ்சர்ஸ் 200ஆவது இதழில் நடந்த அநியாயத்தை கிளேர்மான்ட் கதைக்குள்ளேயே தட்டிக் கேட்டார். அவெஞ்சர்ஸ் தோழர்களின் முகத்துக்கு நேரே அவள் பேசும் அந்தப் பக்கங்கள் இன்றும் சுடும். 1985இல் ஆலன் மூர், டேவ் கிப்பன்ஸ் செய்த சூப்பர்மேன் 11ஆம் மலரைச் சொல்லாமல் விட முடியாது. பிறந்தநாளுக்குப் பரிசு கொண்டுவரும் நண்பர்கள், மார்பில் ஒட்டிக்கொண்ட செடி காட்டும் கனவில் அழியாத கிரிப்டனில் மனைவி மக்களோடு வாழும் சூப்பர்மேன். நாற்பது பக்கம். முன்னால் எதையும் படித்திருக்க வேண்டாம், பின்னால் எதையும் வாங்க வேண்டாம். சூப்பர்மேனைச் சுத்தமாகப் பிடிக்காத ஒருவரிடம் ஒரே ஒரு கதை கொடுக்க வேண்டுமென்றால் நான் இதைத்தான் கொடுப்பேன்.

ஸ்பைடர்மேனின் 21ஆம் மலர் 1987இல். பீட்டர் பார்க்கருக்கும் மேரி ஜேனுக்கும் கல்யாணம். நாளிதழில் வந்துகொண்டிருந்த ஸ்பைடர்மேன் தொடரிலும் அதே சமயம் கல்யாணம் வைத்தார்கள். ஜூன் 5ஆம் தேதி நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் நடிகர்களை வைத்து ஒரு நிஜ மணவிழாவே நடத்தி, ஸ்டான் லீ தானே முன்னின்று மணம் முடித்துவைத்தார். மேரி ஜேனின் உடையை வடிவமைத்தவர் வில்லி ஸ்மித் என்ற அசல் ஆடை வடிவமைப்பாளர். மலருக்கு இரண்டு அட்டைகள். விளம்பரம் கொஞ்சம் அதிகம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உள்ளே டேவிட் மிஷெலினியும் பால் ரையனும் கொடுத்தது அமைதியான கதை. கல்யாணத்துக்கு முந்தின நாட்களில் இருவருக்கும் வரும் தயக்கம், பயம், அவரவர் பழைய காதல்கள். பெரிய வில்லன் யாரும் வந்து மண்டபத்தை இடிக்கவில்லை. ஊரே பேசிய ஒரு விஷயம், முதல் பக்கத்தில் ஆரம்பித்துக் கடைசிப் பக்கத்தில் முடிந்தது. காமிக்ஸ் படிக்காத எத்தனையோ பேர் அந்த ஒரு இதழை மட்டும் வாங்கி வைத்திருப்பார்கள்.

அடுத்த வருடமே எல்லாம் மாறியது.

1988

அந்தக் கோடையில் மார்வெல் தன் 11 ஆண்டு மலர்களை ஒரே கதையில் கோத்தது. பெயர் 'எவல்யூஷனரி வார்'. ஹை எவல்யூஷனரி என்ற விஞ்ஞானி மனித இனத்தை அடுத்த கட்டத்துக்குத் தள்ளப் போகிறார். அவரது ஆட்கள் ஒவ்வொரு ஹீரோவின் மலரிலும் ஒரு வேலை செய்கிறார்கள். பின்பகுதியில் அவருடைய பூர்வகதை தவணை முறையில் வந்தது, ஒரு மலரில் ஒரு துண்டு. ஸ்பைடர்மேனின் 22ஆம் மலரும் இதில் ஒரு மணி. அதில் ஸ்பீட்பால் என்ற புது ஹீரோ அறிமுகமானான் என்பதைத் தவிர அந்த மலரை யாரும் தேடுவதில்லை.

ஏன் இப்படிச் செய்தார்கள்? பேராசை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம்தான். ஆனால் விற்பனை நடந்த இடம் மாறியிருந்தது என்பதைப் பார்க்காமல் இதைப் புரிந்துகொள்ள முடியாது. 1964இல் காமிக்ஸ் விற்றது மருந்துக்கடையிலும் பெட்டிக்கடையிலும். விற்காத பிரதியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். வாங்குபவர் வழியில் போகிற யாரோ ஒருவர், போன மாத இதழ் அவரிடம் இருக்கும் என்ற நிச்சயம் கிடையாது. அதனால் எந்த இதழையும், அதிலும் மலரை, முதல் முறை படிப்பவருக்காகவும் எழுதியாக வேண்டியிருந்தது. 1970களில் ஃபில் சூலிங் தொடங்கிவைத்த நேரடி விற்பனை முறையால் காமிக்ஸுக்கென்றே தனிக் கடைகள் பெருகின. 1980களின் கடைசியில் மார்வெலின் விற்பனையில் பெரும்பங்கு அங்கேதான். அங்கே விற்காத பிரதியைத் திருப்ப முடியாது, கடைக்காரர் முன்கூட்டியே எண்ணிக்கை சொல்லி வாங்க வேண்டும். அவருடைய வாடிக்கையாளரோ வாரம் தவறாமல் வந்து ஒரு கட்டு இதழ் வாங்குபவர், ஒரு தொடரில் ஒரு எண் விட்டுப்போனாலும் மனசு ஆறாதவர்.

இப்படிப்பட்ட வாசகருக்குத் தனித்து நிற்கும் ஒரு கதையைக் கொடுத்தால் அவர் ஒன்று வாங்குவார். பதினொன்றை ஒரு கயிற்றில் கட்டிக் கொடுத்தால் பதினொன்றும் வாங்குவார். கணக்கு அவ்வளவுதான். வாங்கவும் செய்தார்கள், அதனால்தான் அடுத்த வருடம் 11 பதினான்கானது.

விலையைக் குறை சொல்பவர்களும் உண்டு. நான் பார்த்தவரை அது பொருந்தவில்லை. 1964இல் மாத இதழ் 12 சென்ட், மலர் 25 சென்ட். 1989இல் மாத இதழ் 1 டாலர், மலர் 2 டாலர். இரண்டு காலத்திலும் மாத இதழின் இரண்டு மடங்கு விலைக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு பக்கம். பேரம் மாறவே இல்லை. ஆனால் 1964இல் 25 சென்டுக்கு ஒரு கதை முழுசாகக் கிடைத்தது. 1989இல் ஒரு கதை முழுசாகக் கிடைக்க 28 டாலர் ஆனது. ஒரு மலரின் விலை ஏறாமலே ஒரு கதையின் விலை ஏறிவிட்டது.

என் கையிலிருக்கும் புத்தகம்

சரி, அந்த 23ஆம் மலருக்கு வருகிறேன். வரைந்தவர் ராப் லீஃபெல்ட். பிற்பாடு பெரிய நட்சத்திரமானவர், அப்போது இருபத்தொன்று இருபத்திரண்டு வயது இளைஞர். ஸ்பைடர்மேன் இருக்கிறான், ஷீ-ஹல்க் இருக்கிறாள், அபாமினேஷன் என்ற பச்சை ராட்சதன் இருக்கிறான். அடிதடி தாராளமாக இருக்கிறது. ஆனால் இந்த அடிதடி எதற்காக? காவுர் என்ற வில்லன் செட் என்ற சர்ப்பக் கடவுளுக்கு ஏழு மணமகள்களைச் சேர்க்கிறான். அந்தத் திட்டம் சில்வர் சர்ஃபரின் 2ஆம் மலரில் ஆரம்பித்து, ஃபென்டாஸ்டிக் ஃபோரின் 22ஆம் மலரில் முடிகிறது. ஷீ-ஹல்க் அந்த ஏழு பேரில் ஒருத்தி என்பதால் இந்தக் கண்ணி ஸ்பைடர்மேன் மலரில் வந்து விழுந்திருக்கிறது. பீட்டர் பார்க்கர் இந்தக் கதைக்குள் இருந்தே ஆக வேண்டிய காரணம் ஒன்றுகூட இல்லை. அவனை எடுத்துவிட்டு இன்னொரு ஹீரோவை வைத்தாலும் கதை அப்படியே நகரும்.

பின்பகுதியில் சர்ப்ப மகுடம் என்ற மாய மகுடத்தின் வரலாறு. அதுவும் தவணைதான். 1964 மலரின் பின்பக்கங்கள் ஸ்பைடர்மேனைப் பற்றி ஒரு பிள்ளை என்னென்ன கேட்பான் என்று யோசித்துப் பக்கத்துக்குப் பக்கம் பதில் சொன்னவை. இந்தப் பின்பக்கங்கள் மற்ற 13 புத்தகங்களையும் வைத்திருப்பவருக்கு மட்டும் பேசுகின்றன.

மாற்று ஓவியர் பிரச்சினை இங்கே வேறு மாதிரி கடிக்கிறது. முழுக்கதை ஒருவர் கையில் இருந்தால், அவர் மாத இதழ் ஆளாக இல்லாவிட்டாலும், லீபர் மாதிரி, மில்லர் மாதிரி, தனக்கென்று ஒன்றைச் சொல்லிவிட்டுப் போக முடியும். பதினான்கில் ஒரு பங்கை எழுதுபவரால் அது முடியாது. எங்கே ஆரம்பிக்க வேண்டும், எங்கே விட வேண்டும், யார் உயிரோடு இருக்க வேண்டும் எல்லாம் முன்பே முடிவாகிவிட்டது.

டி.சி. பின்னாலேயே வந்தது. 1991இல் 'ஆர்மகெடான் 2001'. இந்த யோசனை மற்றவற்றைவிட நல்லது என்பேன். எதிர்காலத்திலிருந்து வரும் வேவ்ரைடர், இன்றைய ஹீரோக்களில் ஒருவர்தான் பிற்காலத்தில் மோனார்க் என்ற கொடுங்கோலனாக மாறப்போகிறார் என்று அறிந்து, ஒவ்வொருவரையும் தொட்டு அவரவர் எதிர்காலத்தைப் பார்க்கிறார். அதனால் ஒவ்வொரு மலரும் ஒரு தனி எதிர்காலக் கதையாகவும் நின்றது. ஆனால் மோனார்க் கேப்டன் ஆட்டம்தான் என்ற ரகசியம் முன்கூட்டியே கசிந்துவிட்டது. கடைசி நேரத்தில் விடையை மாற்றி ஹாக் என்ற வேறு ஹீரோவின் தலையில் கட்டினார்கள். பன்னிரண்டு மலர்களை நம்பி வாங்கியவனுக்கு, அந்த மலர்கள் காட்டிய தடயங்களோடு பொருந்தாத முடிவு. 1993இல் 'பிளட்லைன்ஸ்', 23 ஆண்டு மலர்கள். வேற்றுக்கிரக ஒட்டுண்ணிகள் கடித்ததும் சக்தி பெறும் புதுப்புது ஹீரோக்கள், மலருக்கு ஒருவர் வீதம். அத்தனை பேரில் நிலைத்து நின்றவன் கார்த் என்னிஸும் ஜான் மெக்ரியாவும் 'டீமன்' 2ஆம் மலரில் கொண்டுவந்த ஹிட்மேன் ஒருவன்தான். அவனுக்குத் தனித் தொடர் வந்து 60 இதழ் ஓடியது. மிகச் சிறந்த தொடர், யோசிக்காமல் தேடிப் படியுங்கள். 2000இல் டி.சி. 'பிளானட் டி.சி.' என்று பல நாட்டு ஹீரோக்களை ஆண்டு மலர்களில் அறிமுகப்படுத்தியபோது, பேட்கேர்ல் மலரில் அருணா என்ற உருமாறும் இந்தியப் பாத்திரம் வந்தது. நம் நாட்டுக்கு ஒரு முகம் கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டேன். அதற்குமேல் பெரிதாக வளர்க்கவில்லை.

மார்வெலுக்கும் 1993 அதே மாதிரி வருடம். ஒவ்வொரு மலரிலும் ஒரு புதுப் பாத்திரம், பாத்திரத்துக்கு ஒரு அட்டை, எல்லாம் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டி வந்தது. உறையைப் பிரித்தால் மதிப்புப் போய்விடும் என்று பிரிக்காமலே வைத்தவர்கள் ஏராளம். ஸ்பைடர்மேன் 27ஆம் மலரின் புதுமுகம் அனெக்ஸ். பழைய இதழ்கள் ஒருநாள் லட்சக்கணக்கில் விலை போகும் என்று எல்லாரும் நம்பி வாங்கிக் குவித்த காலம். படிப்பதற்கென்று பிறந்த குண்டு புக், படிக்காமல் பூட்டி வைக்கும் பொருளானது இங்கேதான். எனக்கு மனசு மிகவும் வலிக்கிற இடமும் இதுதான். 1964 மலரின் பழைய பிரதிகள் பெரும்பாலும் ஓரம் மடங்கி, முதுகு விரிந்து, கையெழுத்துக் கிறுக்கலோடு கிடைக்கும். ஒரு பிள்ளை கோடை முழுக்கப் படித்த அடையாளம் அது.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். 14 பாகம் அதிகம் என்பதை மார்வெலே உணர்ந்தது. 1990இலும் 1991இலும் ஸ்பைடர்மேன் மலர்களை மூன்று மூன்றாகத்தான் கோத்தார்கள், 1992இல் நான்காக. ஆனால் ஒன்றுக்குத் திரும்பவில்லை. 28ஆம் மலர் 1994இல். அடுத்த இரண்டு வருடத்தில் சந்தை சரிந்தது, 1996 டிசம்பரில் மார்வெல் திவால் மனு கொடுத்தது. அப்புறம் எண்ணை எடுத்துவிட்டு வருடத்தை மட்டும் போட்டு 2001 வரை சில மலர்கள் வந்தன, நின்றன. 2008இல் 35 என்ற எண்ணோடு திரும்பியது. இடையில் எண்ணில்லாமல் வந்த ஆறையும் யாரோ பொறுப்பாக உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்கள்.

அந்த நேரத்துக்குள் மலரின் வேலைகள் ஒவ்வொன்றாக வேறு வடிவங்களுக்குப் போய்விட்டன. பழைய கதைகளைப் படிக்கத் தொகுப்பு நூல்கள். பெரிய நிகழ்ச்சிகளுக்குத் தனிக் குறுந்தொடர்கள். கல்யாணம், மரணம் எல்லாம் மாத இதழின் நூறாவது, ஐந்நூறாவது எண்களில். ஆண்டு மலருக்கென்று மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று, ஒரே மூச்சில் படிக்கும் முழுக்கதை. அதைச் செய்பவர்கள் இன்றும் ஜெயிக்கிறார்கள். 2017இல் டாம் கிங் எழுதி லீ வீக்ஸும் மைக்கேல் லார்க்கும் வரைந்த பேட்மேன் 2ஆம் மலர், புரூஸ் வேய்னும் செலினா கைலும் பழகிய முதல் நாட்களிலிருந்து கடைசி நாள்வரை ஒரே புத்தகத்தில் சொன்னது. கடைசிப் பக்கங்களைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். 2021இல் மார்வெல் 'இன்ஃபினிட் டெஸ்டினீஸ்' என்று மறுபடியும் மலர்களைக் கோத்தபோது, அதில் எந்த ஒன்றும் என்னை அப்படி உட்காரவைக்கவில்லை.

'அட்லாண்டிஸ் அட்டாக்ஸ்' 14 பாகமும் 2011இல் ஒரே கெட்டி அட்டைத் தொகுப்பாக வந்தது, முதலில் வந்து 22 வருடம் கழித்து. இப்போது யார் வேண்டுமானாலும் வரிசை பிசகாமல் படிக்கலாம். வரிசையாகப் படித்தால் கதை புரிகிறது, காவுர் யார், மணமகள்கள் எதற்கு என்று எல்லாம் தெரிகிறது. நான்காம் பாகம் வரும்போது ஷீ-ஹல்க் ஏன் அங்கே இருக்கிறாள் என்பதும் தெரிகிறது. ஸ்பைடர்மேன் ஏன் அங்கே இருக்கிறான் என்பது மட்டும் அதிலும் தெரியவில்லை.